சுவரோரத்துக் கோதுமை

பொடிசுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பயிர்நோய் ஆய்வகத்தில் அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. ஆனாலும் அக்காவுக்கு அவள் பொடிசுதான். கோதுமை பயிரிடும் அந்த அக்கா, அன்று ஃபோனில் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

“கல்சுவரை ஒட்டின பயிரெல்லாம் மஞ்சளா வெளுத்துக் கெடக்குடி. மத்த இடம் பச்சைப்பசேல்னு இருக்கு. ஒரே விதை, ஒரே தண்ணி. சுவரோரத்தை மட்டும் உழுது தள்ளிடவா?”

“கை வைக்காதே, நான் வர்றேன்.”

வந்தவள் மஞ்சள் பயிரிலும் பச்சைப் பயிரிலும் இலை பறித்தாள். இரண்டிலும் அசுவினிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. சாறு உறிஞ்சும் சாக்கில் வைரஸைச் செடிக்குள் இறக்கிவிட்டுப் போகிற பூச்சி அது. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பொழுது சாய்ந்த பிறகும் கதகதவென்று இருந்தது.

ஆய்வக முடிவைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பச்சை இலையிலும் அதே வைரஸ்! அங்கே கொஞ்சம், மஞ்சள் இலையில் எக்கச்சக்கம். சூடுதான் காரணமா, இல்லை சுவரோரத்தில் பூச்சி முந்தியே வந்து குடியேறிவிட்டதா?

அந்தக் கேள்வி அவளை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை. ஒரே வயது நாற்றுகளில் ஒரே நாளில் பூச்சிகளை விட்டாள். பாதி நாற்றுகள் குளிர்ந்த அலமாரிக்குப் போயின, பாதி வெதுவெதுப்பான அலமாரிக்கு. தினமும் ஆய்வகத்துக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

“பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே!” என்று உதவியாளர் சிரித்தார்.

சூட்டில் வைரஸ் மளமளவென்று பெருகியது. குளிரிலும் பெருகத்தான் செய்தது, ஆனால் ஆற அமர.

நேரில் போய்ச் சொன்னபோது அக்காவின் முகம் சுருங்கியது. “அப்ப பச்சையா இருக்கறதும் சீக்குதானா? என்னடி இப்படி தலையில கல்லைப் போடற?”

“சீக்குதான். ஆனா மெதுவா ஏறுது. வெயில் உறைக்கறதுக்குள்ள கதிர் பிடிச்சுட்டா ஓரளவு தப்பிச்சுக்கும்.”

“பிடிக்கலைன்னா?”

“தெரியலக்கா. அதைத்தான் பார்க்கணும்.”

“நீ பார்க்கறதுக்கு என் வயல்தான் கிடைச்சுதாக்கும்!” என்று முறைத்தாள் அக்கா. ஆனால் உழவில்லை.

வெயில் வந்தது. நடுவயலிலும் இலைநுனிகள் மஞ்சள் தட்டின. நல்லவேளை, அதற்குள் கதிர் பிடித்திருந்தது. அறுவடையில் சுவரோரம் பெரும்பாலும் பதர், நடுவயல் சுமாராகத் தேறியது. சகோதரிகள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து கதிர்களைக் கசக்கி ஊதினார்கள்.

“ஏண்டி, பூச்சி ஓய்ஞ்சப்புறம் நாள் தள்ளி விதைச்சா என்ன ஆகும்?” என்றாள் அக்கா திடீரென்று.

பொடிசு வாயைத் திறப்பதற்குள் அவளே கையமர்த்தினாள். “நீ சொல்லாதே. ஒரு பாத்தி வழக்கம் போல, ஒரு பாத்தி நாள் தள்ளி. நானே விதைச்சுப் பார்த்துக்கறேன்.”