மண்ணு கருத்துச்சா?

அரும்பாவூர்ப் பக்கம் மழை பெய்து ஓய்ந்ததும் ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மண்ணு கருத்துச்சா?” எங்கள் மண் செம்மண். காய்ந்தால் வெளிறும், நனைந்தால் கருக்கும். கருத்திருந்தால் ஏர் பூட்டலாம். அதற்கு மேல் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. கவிழாமல் நிறுத்தியவள் என் அக்கா இருசம்மாள். அவளுக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில் எனக்கு ராத்திரி ஷிப்டு. திருச்சியில் ரெண்டு வருஷம் வேதியியல் படித்துவிட்டு, பிடிக்காமல் பாதியில் நின்றவன் நான். அந்தக் கோடையில் மின்வெட்டு வந்து ஆலை நின்றது. வீட்டுக்கு வந்தேன். பகலில் தூங்கியே பழகிய உடம்பு. “ஆந்தை வந்துருக்கு” என்று அக்கா கேலி பேசுவாள். அவளும் அப்போதுதான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ரஞ்சன்குடியிலிருந்து வந்திருந்தாள். அண்ணன் ராசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு ரெண்டு பேர் கூடிவிட்டோம், சம்பாத்தியம் கூடவில்லை.

“வெதப்பு முடியட்டும், ஒன்ன ரஞ்சன்குடியில கொண்டு விட்டுர்றேன்” என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

“நான் என்ன மூட்டையா, கொண்டு விட?” என்பாள்.

எங்கள் கொல்லை, மழையை நம்பிய மேட்டு நிலம், பச்சைமலை அடிவாரத்தில் இருந்தது. ரெண்டு வருஷம் மழை பொய்த்ததில் தரிசாகக் கிடந்து, மலையிலிருந்து விராலிச்செடி இறங்கி வந்து முழுக்க மூடிவிட்டது. விராலி இலை எண்ணெய் தடவியது போல மினுங்கும், கையில் பிசுபிசுக்கும். சித்திரையில் மலையில் பிடித்த தீ அதைத் தேடிக்கொண்டு கீழே வந்தது. எங்கள் கொல்லையும், பக்கத்தில் செல்லதுரை சித்தப்பா கொல்லையும் ஒரே நாளில் எரிந்து கரியாயின.

அண்ணன் அழவில்லை, சிரித்தான். “வெட்டுக்கூலி மிச்சம், எருவும் மிச்சம். சாம்பலு சும்மாவா?” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சாம்பல் நல்ல உரம்தான்.

ஆடியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. மாலை பஸ்ஸில் கொல்லை வழியாக வந்த செல்லதுரை சித்தப்பா இறங்கும்போதே கத்தினார்: “ராசாங்கம், மண்ணு கருத்துருச்சுடா! ரெண்டு கொல்லையும் மை மாதிரி கெடக்கு. நாளைக்கே ஏர் பூட்டு!”

மறுநாளே ஏர் பூட்டுவதென்று ஆனது. வீட்டில் இருந்தது ஒரே மூட்டை விதைக்கடலை. பஞ்சத்தில் கம்பங்கூழைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்தபோதும் அண்ணி பொன்னுத்தாய் அந்த மூட்டையின் வாயை அவிழ்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவிழ்த்தாள். எல்லோரும் உட்கார்ந்து உடைத்தோம். பருப்பு ஒன்றைக்கூட யாரும் வாயில் போடவில்லை. இது முளைக்காமல் போனால் அடுத்த வருஷம் விதையும் கிடையாது, சோறும் கிடையாது.

காலையில் வைத்திலிங்கம் மாமா மாட்டோடு வந்தார். கொல்லை முழுக்கக் கருகிய விராலிக் கட்டை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மாமாவும் அண்ணனும் டயர் செருப்பு போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டிருந்தேன். மடியில் விதை இருக்கும்போது செருப்பு போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஏருக்குப் பின்னால் விதை போட வந்த அக்கா மட்டும் வெறுங்கால்.

ஏர் மண்ணைக் கீறிக்கொண்டு முதல் சால் போனது. மாமா பின்னால் புகை மாதிரி தூசி எழும்பியது. “சாம்பலு பறக்குது பாரு” என்றார். அக்கா சாலில் கால் வைத்தாள், நாலு அடி நடந்தாள், நின்றுவிட்டாள். ஒரு விதைகூடப் போடவில்லை.

“என்னடி?” என்றான் அண்ணன்.

“மண்ணு சுடுது.”

“கால் வெடிப்புல சாம்பலு பட்டுருக்கும், கடிக்கும். நட.”

“கடிக்கிறது வேற, சுடுறது வேற அண்ணே. நேத்து அந்த மழ பேஞ்சிருக்கு, சாலு குளுந்தில்ல கெடக்கணும்?”

“இருசு, மாட்ட நிறுத்த முடியாது” என்றார் மாமா. “மகாராணி வெத போட மெத்தையா விரிப்பாங்க?”

அவள் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். “நான் போடமாட்டேன். வேணும்னா என் மடியிலேருந்து புடுங்கிக்கங்க.”

அண்ணன் குச்சியை ஓங்கினான். “தின்ற சோத்துக்கு வேல பாக்கத் துப்பில்ல, குறி சொல்ல வந்துட்டா!”

நான் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தேன். சண்டையில் தலையிடும் ஆள் நான் இல்லை. அவள் சொன்னது சரியா என்று தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாலில் ஊற்றினேன். தண்ணீர் மண்ணுக்குள் போகவில்லை. சேம்பிலை மேல் விழுந்தது போல உருண்டை உருண்டையாகத் திரண்டு, தூசியைப் போர்த்திக்கொண்டு சரிவில் உருண்டு ஓடியது.

நான் குனிந்து விரலால் கீறிப் பார்த்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நனைந்து கெட்டியாக இருந்தது. அதற்குக் கீழே அடுப்பு மண் மாதிரி உலர்ந்த பொடி, பழைய வெயில் சூடு ஆறாமல். மழை மொத்தமும் சாம்பலோடு நின்று, மிச்சம் ஓடையில் இறங்கிப் போயிருந்தது. கொல்லை கருத்திருந்தது உண்மை. அது ஈரத்தில் கருத்ததல்ல, எரிந்து கருத்தது. தீப்பிடித்த மண்ணில் அந்தக் கேள்வியைக் கேட்டதே தப்பு.

“அண்ணே, விராலி எலையில மெழுகு இருக்கு” என்றேன். “எரியும்போது அது ஆவியாயி மண்ணுக்குள்ள எறங்கிருக்கு. அடியில சூடு கம்மி. அங்க போயி குளுந்து, மண்ணு மேல திரும்ப மெழுகா ஒட்டிக்கிச்சு. அதான் தண்ணி எறங்கல.”

“மெழுகா? எரிஞ்சது கொல்லையா, மாதா கோயிலா?” என்றார் மாமா. ஆனால் அவரும் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அதில் எச்சில் துப்பினார். எச்சில் அப்படியே நின்றது. “எண்ணெச் சட்டியில துப்புன மாதிரில்ல இருக்கு” என்றார்.

அண்ணன் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னான்: “மாமா, வெத வேணாம். ஏர மட்டும் ஆழமா ஓட்டுங்க. அந்த மெழுகு ஒடையட்டும்.”

“சரிவுக்குக் குறுக்க ஓட்டுங்க மாமா” என்றாள் அக்கா வரப்பிலிருந்து. “வர்ற தண்ணி நின்னு போகட்டும்.” அப்படியே ஓட்டினார்.

அவள் எழுந்து நின்று பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த செல்லதுரை சித்தப்பாவிடமும் கத்தினாள். “ஒங்க வூட்டுச் சண்டைய எங்கொல்லைக்கு அனுப்பாத தாயி!” என்று சிரித்துவிட்டு அவர் விதைத்தார். வீட்டில் பொன்னுத்தாய் பருப்பைப் பானையில் கொட்டி, பூச்சி அண்டாமலிருக்க அதே கொல்லைச் சாம்பலை மேலே தூவி மூடினாள்.

அடுத்த மழை வர ஆடி முடிந்துவிட்டது. பெரிய மழை. மலைத்தண்ணீர் கறுப்புக் காப்பி மாதிரி இறங்கியது. சித்தப்பா கொல்லையில் அது உள்ளே போகாமல் மண்ணை விதையோடு வாரிக்கொண்டு ஓடையில் போட்டது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா செருப்பு போட்டிருந்தால் எங்கள் மூட்டையும் அந்த ஓடையில்தான் கிடந்திருக்கும். எங்கள் குறுக்குச் சால்களில் தண்ணீர் கட்டி நின்றது. முதலில் அதே மாதிரி உருண்டது. பிறகு உடைந்த மண்கட்டிகளுக்கிடையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

மறுநாள் ஏர் பூட்டியாகிவிட்டது. அண்ணன் மாட்டை நிறுத்திவைத்துவிட்டு, “இருசு, காலு வெச்சுப் பாரு” என்றான். அவள் உடனே வரவில்லை. கூழைக் குடித்து முடித்தாள், கொண்டையை முடிந்தாள், பிறகு மெதுவாக வந்து சாலில் கால் வைத்தாள்.

“குளுந்து கெடக்கு. போடலாம்.”

அண்ணன் டயர் செருப்பைக் கழற்றி வரப்பில் வீசிவிட்டு, தானும் சாலில் இறங்கிப் பார்த்தான்.

கடலை நன்றாகவே வந்தது. கட்டை குவிந்து எரிந்த இடங்களில் மட்டும் சாம்பல் மிஞ்சிச் செடி மஞ்சளாக நின்றது. மற்ற இடமெல்லாம் கரும்பச்சை. சித்தப்பாவுக்கும் விதைக்குக் கொடுத்தோம்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அறுவடையை அல்ல, விதைத்து முடித்த அன்று சாயங்காலத்தை. அக்கா சேலைகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“வெதப்பு முடிஞ்சுது. எப்ப ரஞ்சன்குடியில கொண்டு விடப் போற?”

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

“ஏன், அடுத்த வெதப்புக்கு யாரு வந்து காலு வெப்பா? ஒன் புருஷனா?”

அக்கா பையை உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.