தம்பி போட்ட கிளட்ச்

என் தம்பியைப் பத்திப் பேசினாலே எனக்கு வயிறு எரியும். மறைச்சு என்ன ஆகப்போகுது? நாலு வருஷம் என் கடையிலதான் கூட வேலை பார்த்தான். போன வருஷம் பிரிஞ்சுபோய், ரெண்டு தெரு தள்ளி தனியா ஒரு மெக்கானிக் கடை போட்டான். தரையெல்லாம் டைல்ஸ், கையில உறை, வர்றவங்க உட்கார சோபா. கார் ரிப்பேர் பண்ற இடத்துக்கு எதுக்குய்யா சோபா? என் பொண்டாட்டி ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வந்து, "என்ன சுத்தம்ங்க!"ன்னா. ரெண்டு நாள் அவகூட நான் பேசலை.

டிரைவிங் ஸ்கூல் மேடம் ஏழு வருஷமா என் கஸ்டமர். மொத்தம் ஒன்பது கார். கத்துக்க வர்றவங்க கிளட்ச்ல இருந்து காலை எடுக்கவே மாட்டாங்க, அதனால வருஷம் தவறாம பிளேட் தேஞ்சு வரும். எனக்கு அதுதான் சோறு. தம்பி அங்க போய், "கனமான கிளட்ச் ஒண்ணு இருக்கு மேடம், சீக்கிரம் தேயாது"ன்னு சொல்லி, ஒரு காருக்கு மாத்திக் கொடுத்துட்டான். அது நல்லா ஓடினா மத்த எட்டும் அவனுக்கு. கூடப் பிறந்தவன் செய்யற வேலையா இது?

பத்தாவது நாள் காலைல மேடம் அந்தக் காரை என் கடை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினாங்க.

"கடகடன்னு சத்தம் வருது. உங்க தம்பி அது அப்படித்தான் இருக்கும்ங்கறார். கத்துக்க வர்றவங்க பயப்படறாங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க. அவர் வேலை சரியில்லைன்னா ஒன்பதும் பழையபடி உங்ககிட்டயே."

பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். நியூட்ரல்ல நிக்கும்போது கடகட. கிளட்ச்சை மிதிச்சா நிக்குது. விட்டா திரும்ப வருது. லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்தா அடங்குது. பேரிங் போயிருந்தா கொடுக்கக் கொடுக்க ஏறும், இது ஏறலை. அந்த மாதிரி கனத்த பிளேட்டுல ஸ்பிரிங் விறைப்பா இருக்கும். என்ஜின் அதிர்வு அப்படியே உள்ள போய், கியர் பல் ஒண்ணோட ஒண்ணு தட்டும். ஒரு கெடுதலும் இல்லை. தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஒரே நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தாதான் சொல்ல முடியும் மேடம்"னேன். நாக்கு கூசலை.

மேடம் காரை விட்டுட்டுப் போனாங்க. கியர்பாக்ஸை இறக்கினேன். ஏதாவது ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதான்னு டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். இறுக்கினதுக்கு அடையாளமா போல்ட் ஒவ்வொண்ணுலயும் மஞ்சள் பெயிண்ட் கோடு. பிளேட் கச்சிதமா நடுவுல உட்கார்ந்திருக்கு. ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு கிடையாது. பாவி, என்னமா வேலை பார்த்திருக்கான்! பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வந்தது. கிளட்ச்சைத் தள்ளுற ஃபோர்க் ஒரு சின்ன இரும்புக் குண்டு மேல உட்காரும். அதுலயும் அளவா கிரீஸ் பூசியிருந்தான். அதுக்கு அடியில தேய்மானம் இருக்குமோன்னு ஸ்பிரே அடிச்சு, துணியால வழிச்சுத் துடைச்சேன். கீறல்கூட இல்லை.

மத்தியானம் பொண்டாட்டி சாப்பாடு கொண்டுவந்தா.

"என்னங்க, கோளாறு கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை."

"தேடறது கார்லயா, உங்க தம்பிகிட்டயா?"

"போடி, வேலையைப் பார்த்துக்கிட்டு."

வேற வழியில்லாம எல்லாத்தையும் திரும்ப மாட்டினேன். 'இந்த கிளட்ச் உங்க வண்டிக்கு ஆகாது மேடம்'னு மொட்டையா சொல்லிடறதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

சாயங்காலம் மேடம் வந்தாங்க. கூடவே தம்பியும் வந்தான். ரெண்டு பேரையும் நேருக்கு நேர் வச்சுக் கேக்கணும்னு மேடம்தான் வரச் சொல்லியிருக்காங்க. அவங்க கார்ல உட்கார்ந்து கிளட்ச்சை மிதிச்சாங்க.

கீச்னு ஒரு சத்தம். தெருவுல போனவங்க திரும்பிப் பார்த்தாங்க.

என்ன சத்தம்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. கிரீஸைத் துடைச்ச நான் திரும்பப் பூசலை. இருபது வருஷத்துல ஒரு தடவைகூட அதை மறந்ததில்லை. குறை தேடற வெறியில கண்ணு மண்ணு தெரியலை.

"இது என்ன புதுசா? காலைல இல்லையே!"ன்னாங்க மேடம்.

தம்பி குனிஞ்சு, இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் மானம் இப்ப அவன் வாயில. சொல்லட்டும், நாலு வார்த்தை திட்டட்டும், பதிலுக்கு நானும் கத்தலாம்னு நின்னேன்.

"என் தப்பு மேடம்"னான். "உள்ள ஒரு இடத்துல கிரீஸ் சரியா வைக்கலை. இப்பக் காய்ஞ்சுபோய்க் கத்துது. அண்ணா மேல குத்தமில்லை. நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன்."

மேடம் கார்ல இருந்து இறங்கி வந்தாங்க. "எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்துட்டேன். என் தப்புன்னு சொன்ன ஆளை இப்பதான் பார்க்கறேன். சரி, அந்தக் கடகட சத்தம்?"

"அது ஒண்ணும் பண்ணாது. அண்ணாவையே கேளுங்க."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. "ஒண்ணும் பண்ணாது"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கலை.

"அப்ப மத்த எட்டையும் தம்பிகிட்டயே விட்டுடறேன். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

'நான்தான் துடைச்சேன்'னு தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தா அந்த நல்ல பேர் எனக்கு வந்திருக்குமோன்னு இப்பவும் யோசிக்கறேன். பாருங்க என் புத்தியை.

மேடம் போனதும் தம்பி சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, "ஜாக் எங்கண்ணா?"ன்னான். ஏன் துடைச்சேன்னு கேக்கலை. கிண்டல் பண்ணலை. முகத்துல ஒரு சுளிப்புகூட இல்லை. 'திட்டித் தொலையேண்டா'ன்னு கத்தணும்போல இருந்தது. ஜாக்கை உருட்டிக்கிட்டு வந்து கொடுத்தேன். டார்ச்சையும் நானே பிடிச்சேன்.

கஸ்டமரை எடுத்துக்கிட்டான், சரி. என் கடையில, என் கண்ணு முன்னாடி, என் தப்பையும் அவனே எடுத்துக்கிட்டான். அதையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்.