பெறாமகன்

நவரத்தினம் வேட்டியின் தலைப்பை மடித்து மகன் ஜனார்த்தனின் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தபோது அவன் கைபேசியைப் பார்த்து அந்த வரியை வாசித்தான்.

"'கட்சிக் கூட்டத்திலை நான் தோத்தாலும், எனக்கெண்டு விழுந்த முதல் வோட் சித்தப்பாவின்ரை.' அப்பா, தமிழ் சரியோ?"

"சரி. மூச்சை உள்ளுக்கு இழு. இறுக்காட்டிச் சனத்துக்கு முன்னாலை அவிழும்."

"வெல்குரோவாலை ஒட்டுற வேட்டி காரிலை கிடக்கு."

"கொள்ளி வைக்கிறவன் வெல்குரோவோடை போறேல்லை" என்றார் நவரத்தினம்.

மலர்ச்சாலையின் பக்க அறை அது. மூடிய கதவுக்கு அப்பால் மண்டபத்தில் அவருடைய தம்பி குலசிங்கம் பெட்டிக்குள் படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஓக்லாந்தின் பக்குரங்காப் பகுதியில் தன் வீட்டில் தேத்தண்ணி போட எழும்பியவர், அடுப்படியில் சரிந்து விழுந்தார். அம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

குலசிங்கத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. லோஜனா ஒருத்திதான். "நானே செய்யிறனே பெரியப்பா, வை நொட்?" என்று அவள் கேட்டிருந்தாள். அண்ணன் ஜனார்த்தன் இருக்கும்போது அந்தப் பேச்சு எதற்கு என்று நவரத்தினம் முடித்துவிட்டார். மூத்தவன் இளையவனுக்குக் கடன் செய்வதில்லை. ஆகவே மூத்தவனின் மகன், பெறாமகன், செய்ய வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அது மூன்று தலைமுறையாகத் தவறியதில்லை. கொழும்பில் கலவரம் நடந்த ஆண்டில்கூடத் தவறவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. குலசிங்கத்தின் மனைவி கௌரி நின்றாள்.

"அத்தான், ஒருக்கா வெளியிலை வாங்கோ."

கோப்பி இயந்திரம் வைத்திருந்த சிறிய நடைக்கு அவரை அவள் அழைத்துப் போனாள். முகம் கழுவியிருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"தம்பி ஜனார்த்தன் அந்தக் கட்சிக் கூட்டத்துக் கதையைச் சொல்லப் போறானாம். லோஜனா சொன்னவள். அதை எடுக்கச் சொல்லுங்கோ."

"ஏன்? நல்ல கதைதானே."

"இவர் அவனுக்குப் போடேல்லை, அத்தான்."

துக்கத்தில் எதையோ மாற்றிச் சொல்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். மேசையில் ஒரு கடதாசிக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தார்.

அந்தக் கூட்டம் நடந்தது மாரி தொடங்குவதற்கு முன். நீலக் கட்சி பக்குரங்காப் பக்கத்துத் தொகுதிக்கு வேட்பாளரைத் தெரிவு செய்த நாள். அது வலதுசாரிக் கட்சி. இங்கே கட்சிகளை நிறத்தால் சொல்வதுதான் வழக்கம். குலசிங்கம் அதில் இருபது வருட உறுப்பினர். வரியைக் கட்டு, வீட்டை வாங்கு, ஒருவரிடமும் கையேந்தாதே என்பதற்கு மேல் அவருக்கு அரசியல் தேவைப்பட்டதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வேலி ஓரங்களில் கட்சிப் பலகைகளைச் சுத்தியலால் அடித்து நிறுத்தியவர். அமெரிக்காவில் வேட்பாளரைத் தெரியும் பிறைமரித் தேர்தல்கள் நடக்கும் மாதங்களில் பகல் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன் இருந்து, கிரிக்கெட் பார்ப்பவர்போலக் கௌரிக்கு விளக்கம் சொல்வார். எந்த மாநிலம் முதலில், யார் விலகினார், கீழே கொங்கிரஸ் தொகுதிகளில் யார் யார். கௌரி உள்ளி உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இங்கே பிறைமரி கிடையாது. கட்சி உறுப்பினர்களின் பிரதிநிதிகள் ஒரு மண்டபத்தில் கூடி இரகசியமாக வாக்களிப்பார்கள். குலசிங்கம் அப்படி ஒரு பிரதிநிதி. ஜனார்த்தன் போட்டியிட்டான். எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மயிரிழையில் ஜனார்த்தன் தோற்றான். அன்று மாலை குலசிங்கம் கிளென்ஃபீல்டுக்கு வந்து, அண்ணன் வீட்டில் இரண்டு இடியப்பம் சாப்பிட்டு, அதிகம் பேசாமல் போனார். தம்பிக்கும் தன்னைப்போல மனம் விட்டுப் போயிற்று என்றே நவரத்தினம் அன்று எண்ணினார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவர்தான். வேறை ஆர் சொல்லுறது? மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை. பிறகு போய் அந்தப் பெண்மணிக்குப் போட்டிட்டு வந்தவர்."

"சொந்தப் பெறாமகனை விட்டிட்டோ?"

கௌரி கோப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லப் பயம், அத்தான். எலெக்‌ஷன் முடியத் தம்பியைக் கூப்பிட்டிருத்திக் கதைக்கிறதெண்டு இருந்தவர்."

"சரி, நடந்தது நடந்திட்டுது. சனத்துக்குத் தெரியாதுதானே. பெடியன் நல்லதாக ஒண்டு சொல்லிப்போட்டுப் போகட்டும். ஆருக்கு நட்டம்?"

"எங்கட சனத்துக்குத் தெரியாது. பின்வரிசையிலை வந்திருக்கிற கட்சிக்காரருக்குத் தெரியும். கிளைத் தலைவியிட்டை முதலே சொன்னவர், என்ர பெறாமகன் நிக்கிறான், ஆனா நான் அவனுக்கில்லை எண்டு. ஒளிச்சுச் செய்யக்கூடாதாம்." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நாற்பது வருசம் அந்த மனுசன் பொய் சொல்லி நான் கேக்கேல்லை. அவருக்கு மேலை ஒரு பொய்யைப் போட்டு அனுப்பாதேங்கோ."

அவள் போய்விட்டாள். நவரத்தினம் நடையிலேயே நின்றார். எழுபத்தொன்பது வயதிலும் அவர் சுவரில் சாய்வதில்லை. சொன்னால் மகன் வேட்டியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் காரில் ஏறிவிடலாம். அவனுக்கும் அவரைப் போலவே ரோசம். ஓக்லாந்துத் தமிழ்ச்சனம் பாதி மண்டபத்தில் இருக்கிறது. பெறாமகன் கொள்ளி வைக்காமல் போனான் என்ற பேச்சு இந்த ஊரோடு நிற்காது. சிட்னிக்கும் ரொறன்ரோவுக்கும் இன்று பின்னேரமே போய்ச் சேர்ந்துவிடும். சொல்லாவிட்டால், பெட்டியின் தலைமாட்டில் நின்று மகன் சொல்லப்போகும் பொய்யைப் பின்வரிசை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருக்கும்.

அறைக்குள் போனார்.

"அந்த வரியை எடுத்துவிடு."

"எந்த வரி?"

"வோட் வரி. நீளமாயிருக்கு."

"அப்பா, அதுதானே மெயின் பொயிண்ட்."

"பேச்சு சுருக்கமாயிருந்தால்தான் மதிப்பு."

"நீங்களோ சொல்லுறது?" ஜனார்த்தன் சிரித்தான். "என்ர கலியாணத்திலை மைக்கை உங்களிட்டையிருந்து பறிச்சவை."

நவரத்தினம் சிரிக்கவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சித்தப்பா உனக்குப் போடேல்லை."

ஜனார்த்தனின் முகத்தில் சிரிப்பு சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு கைபேசியின் வெளிச்சம் அணைந்தது.

"ஆர் சொன்னது?"

"சித்தி."

"என்னோடை கூட்டத்துக்கு ஒரே காரிலை வந்தவர். என்ர டையைச் சரியாக்கிவிட்டவர்." குரல் உயர்ந்தது. "ஏன்? சும்மா சொல்லுங்கோ, ஏன்?"

கௌரி காரணம் சொல்லியிருக்கவில்லை. நவரத்தினமும் கேட்டிருக்கவில்லை. ஆனால் எழுபது வருடம் கூடப் பிறந்தவராக இருந்தவரின் காரணத்தை அறிய யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்பது அந்த அறையில் நின்றபோது அவருக்கு விளங்கியது. விளங்கியது பிடிக்கவுமில்லை.

"நீ எப்ப பக்குரங்காவுக்கு வீடு மாறினனி?"

"அதுக்கென்ன?"

"எப்ப?"

"ஜனவரி."

"கூட்டம் ஏப்ரலிலை. அந்த மனுசி அங்கையே பிறந்து, அங்கையே கடை நடத்தி, லோக்கல் போர்ட் எண்ட ஊர்ச்சபையிலை ரெண்டு தரம் இருந்தவ. குப்பை வண்டி வராட்டிச் சனம் அவவுக்குத்தான் ஃபோன் அடிக்கிறது. தம்பி குலம் என்ன சொல்லுறவன்? இஞ்சை ஆளுக்கு ரெண்டு வோட்; கட்சி வோட்டைத் தலைவரைப் பாத்துப் போடு, தொகுதி வோட்டை ஃபோனைத் தூக்கிற ஆளுக்குப் போடு."

"நான் ஃபோனைத் தூக்கமாட்டனோ?"

"தூக்குவாய். ஆனா நீ வரிசையிலை நிக்கேல்லை. உனக்காக ஓடித்திரிஞ்ச யசீகரன், கோயிலிலை அன்னதானத்துக்கு நிண்ட சனத்தையெல்லாம் கட்சியிலை சேர்த்து, உன்னை நேரே முன்னுக்குக் கொண்டுபோய் விட்டவன். குலத்துக்குப் பின்கதவு பிடிக்காது. பஸ்ஸிலைகூடப் பின்கதவாலை ஏறமாட்டான்."

"அவையள் தங்கட ஆக்களைச் சேர்க்கேல்லையோ? நான் எங்கட ஆள், அப்பா. எங்கட ஆள் ஒருத்தன் அங்கை வரவேணுமெண்டு அவருக்கு விருப்பமில்லையோ?"

மண்டபத்தில் பதிகம் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"அதுதான் காரணமாயிருக்கும்" என்றார். "எங்கட ஆள் எண்டு ஒருத்தன் போட்டால், நாளைக்கு அவங்கள் தங்கட ஆள் எண்டு போடேக்கை எந்த வாயாலை கேக்கிறது? நாட்டிலை அப்பிடிப் போட்டுப் போட்டுத்தானே நாங்கள் இஞ்சை வந்து நிக்கிறம். அதை நீ பாக்கேல்லை. அவன் பாத்தவன்."

தம்பி உயிரோடு இருந்து இதையே சொல்லியிருந்தால், இடியப்பத் தட்டோடு எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார். இப்போது அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனார்த்தன் கதிரையில் இருந்தான். சட்டை கழற்றிய தோளில் மயிர் சிலிர்த்திருந்தது.

"நீங்கள் அந்த அறையிலை இருந்திருந்தால்?"

"உனக்குத்தான் போட்டிருப்பன்."

"ஏன்?"

"நான் உன்ர தகப்பன்."

"அவர் சித்தப்பா."

"ஓம். ஆனா தொகுதி அவனைத்தானே அனுப்பினது. என்னையில்லையே."

கதவு தட்டப்பட்டது. லோஜனா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, குருக்கள் கூப்பிடுறார். ஸ்பீச் முதலாம்." இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றாள்.

ஜனார்த்தன் எழுந்தான். வேட்டிக்குப் பை இல்லை. கைபேசியைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு அவரைப் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனான். காரை நோக்கிப் போகும் கதவும் அந்தப் பக்கம்தான். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று தெரியும்வரை நவரத்தினம் வாசலைத் தாண்டவில்லை.

ஒலிவாங்கியின் முன் அவன் வெறுங்கையோடு நின்றான்.

"சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைச்சிருந்தனான். அதிலை ஒரு பிழை இருந்தது. கட்சிக் கூட்டத்திலை அவர் எனக்குப் போட்டவர் எண்டு எழுதினனான்." பின்வரிசையைப் பார்த்தான். "அவர் எனக்குப் போடேல்லை."

மண்டபத்தில் பாய்களும் கதிரைகளும் அசைந்தன. பிள்ளையை வைத்திருந்த ஒருத்தி அதன் வாயைப் பொத்தினாள். ஜனார்த்தன் அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். பின்வரிசையில் கிளைத் தலைவி தலையைக் குனிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணிதான் வேட்பாளர். அவள் குனியவில்லை, அவனையே பார்த்தாள்.

"நான் நல்லா வரமாட்டன் எண்டு அவர் நினைக்கேல்லை. நான் இன்னும் வரேல்லை எண்டு நினைச்சவர். எனக்கு இப்பவும் கோவம்தான். அவர் எழும்பி வந்தால் சண்டை பிடிப்பன்." பெட்டியின் பக்கம் திரும்பினான். "அவ்வளவுதான். தேங்க் யூ."

இறங்கி வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்றான். யாரும் கை தட்டவில்லை. செத்தவீட்டில் தட்டுவதுமில்லை.

நவரத்தினத்துக்குப் பின்னால் யசீகரன் இருந்தான். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல, கேட்கும்படியே சொன்னான்.

"அப்ப எங்களைக் கவிட்டது வீட்டுக்குள்ளையிருந்த ஆள். சொந்தச் சித்தப்பனே."

நவரத்தினம் முழு உடம்பையும் திருப்பினார். யசீகரன் கண்ணைத் தாழ்த்தவில்லை, முதலில்.

"ஓம்" என்றார். "என்ர தம்பிதான். கேக்கிறதெண்டால் என்னட்டைக் கேள்."

யசீகரன் கண்ணைத் தாழ்த்தினான். குருக்கள் மணியை அடித்தார். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக எழுந்தார்கள். கௌரி போட்டு முடிந்ததும் கட்சிக்காரர்களும் வந்தார்கள். எப்படிப் போடுவது என்று லோஜனா காட்டிக்கொடுத்தாள். வேட்பாளர் தன் முறை வந்தபோது ஜனார்த்தனுக்கு முன்னால் சற்றே நின்றாள். அவன் அரிசித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

மின்மயானத்தில் உள்ளே நால்வருக்குத்தான் அனுமதி என்றார்கள். குருக்கள், ஜனார்த்தன், பெட்டியைத் தள்ளும் பணியாளர். நாலாவது ஆள் யார் என்று குருக்கள் நவரத்தினத்தைப் பார்த்தார். ஜனார்த்தன் தங்கச்சியைப் பார்த்தான்.

லோஜனா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வழியை விட்டு விலகி நின்றார்.

கதவு சாத்தப்பட்டது. சூளைப் பொத்தானை ஒரு தரம் அழுத்திக் கையை எடுத்துவிடுவதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று ஜனார்த்தன் பணியாளரிடம் கேட்பது கேட்டது. ஒரு தரம் போதும் என்று அந்த மனிதர் சொன்னார்.

வெளியே ஓகஸ்ட் மாதத்துக் குளிர்காற்று புல்வெளியைப் படுக்க வைத்துக்கொண்டு வந்தது. சனம் கார்களுக்குள் ஏறிக்கொண்டது. நவரத்தினம் கதவுக்கு எதிரே நின்றார். சபையில் கோட்டைக் கழற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய கோட்டை மகனின் வெறுந்தோளில் போடும் வாக்கில் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி, அவன் வெளியே வரும்வரை நின்றார்.