போர்வைக்கு வந்த அப்டேட்

தையல்காரம்மா கடையில் வாங்கிய ஒட்டுப்போர்வைகள், வாங்கியவர்கள் வீட்டிலேயே தாமாக மாறத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் மாறியது பல் டாக்டர் வீட்டுப் போர்வை. நீலமும் வெள்ளையுமாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, கிளிப்பைக் கழற்றப் போன டாக்டரின் மாமியார் கண்ணெதிரிலேயே காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. சதுரங்களெல்லாம் முக்கோணங்களாகிவிட்டன. சாயம் போகிற துணியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அந்த அம்மாள் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார்.

கடை என்பது தையல்காரம்மா வீட்டின் முன்னறை. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து மெத்தென்று தைத்துக் கொடுப்பார். அவர் கணவர் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு கம்ப்யூட்டரும், போர்வை வடிவமைக்கும் சாப்ட்வேரும் வாங்கினார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் திரையில் துண்டுகளை அடுக்குவார், திருப்புவார், கவிழ்ப்பார், ஒரே சொடுக்கில் ஊதாவை மஞ்சளாக்குவார். தெருவில் அவரை டிசைனர் என்று கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதையே விசிட்டிங் கார்டில் அடித்துவிட்டதால் கிண்டல் செல்லாமல் போயிற்று. அவருக்கு இருந்த ஒரே குறை, எதையும் முடிக்கத் தெரியாது. போர்வை தைத்து, கொடுத்து, அடுத்தவர் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிய பிறகும் அதே டிசைனைத் திறந்து வைத்து நோண்டிக்கொண்டிருப்பார்.

மாமியார் உள்ளே வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். திரையில் காப்பித்தூள் முக்கோணங்கள். ஒரு மூலையை மஞ்சளாக்கினார். அந்த அம்மாளின் கக்கத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. வேறு யாராயிருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருப்பார்கள். டிசைனர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

“பாத்தீங்களா, என்னோட திருத்தம் உங்க வீடு தேடி வருது. வேற எந்தக் கடையிலயும் இது கிடையாது.”

“அவங்க நீலம்தாங்க கேட்டாங்க” என்றார் தையல்காரம்மா.

“நீலம் பழைய வெர்ஷன்மா.”

ஊர் இரண்டு வாரம் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. காலையில் பால் வாங்க நிற்கும்போது, உங்களுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று விசாரித்துக்கொண்டார்கள். பேங்க் மேனேஜரின் போர்வை நேர்த்தி கருதி ஒரு சாண் குறைக்கப்பட்டதில் அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டது. அவர் சாக்ஸ் வாங்கிக்கொண்டார். ஒரு மாதமாக எதுவும் மாறாத வீட்டுக்காரர்கள், தங்களை டிசைனர் மதிப்பதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இதில் பிழைத்துக் கிடந்தது கணக்கு டீச்சர் வீட்டுப் போர்வை ஒன்றுதான். அவர் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர், மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவருடைய பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத்தான் தையல்காரம்மா வெட்டி, மசிக்கறை படிந்த பாக்கெட்டோடு போர்வையின் நடுவில் வைத்துத் தைத்திருந்தார். படுக்கும்போது அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு டீச்சர் அன்றைய சங்கதிகளையெல்லாம் சொல்வது வழக்கம். டிசைனருக்குத் திடீரென்று சுத்தமான கோடுகள் மேல் மோகம் வந்தது. கட்டங்களையெல்லாம் ஒரே வீச்சில் தூக்கினார். பாக்கெட் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் அறுகோணம் வந்து உட்கார்ந்தது.

போர்வையோடு கடைக்கு வந்த டீச்சர் கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சை எழுப்புகிற குரலில் கேட்டார். “எங்க வீட்டுக்காரர் சட்டை எங்கே?”

“அது கண்ணை உறுத்துச்சு டீச்சர்...”

“உங்க கண்ணை யார் கேட்டா?”

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அந்தச் சட்டை வர்ற வரைக்கும் உங்களுக்கு இந்த வீட்ல சாப்பாடு கிடையாது” என்று புருஷனிடம் சொன்னார். கல்யாணமானதிலிருந்து அவர் இப்படிப் பேசியதில்லை.

செய்ததைத் திரும்ப எடுக்கும் பொத்தான் அவ்வளவு தூரம் பின்னால் போகவில்லை. ஆகவே டீச்சரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டிசைனர் பசியோடு வரைந்தார். கட்டம் இவ்வளவு பெரிசில்லை என்றார் டீச்சர். இது புதுப் பச்சை, எனக்கு வேண்டியது துவைத்துத் துவைத்து வெளுத்த பச்சை என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாலு சாயங்காலம் இப்படிப் போனது. பாக்கெட் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சருக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. நூல் மாற்றித் தைத்த மூன்றாவது பட்டன், கழுத்துப் பட்டையில் பிசிறு, பை மாட்டி மாட்டி இறங்கிப்போன இடது தோள் என்று அடுக்கினார். டிசைனரும் ஒன்று விடாமல் வரைந்தார். கடைசியில் டீச்சர் திரையைத் தொட்டு, “இதேதான்” என்றார். டிசைனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் கடை திறக்குமுன் டீச்சர் வாசலில் நின்றார்.

“சட்டையைக் கேட்டா ஆளையும் சேத்து அனுப்பி வச்சிருக்கீங்க. போர்வைக்குள்ளேர்ந்து எந்திரிச்சு, இது நேத்து பேப்பரான்னு கேக்கறார்.”

டிசைனர் யோசித்துவிட்டு, “தோள் சரியா விழுந்திருக்கா?” என்று கேட்டார்.

மீட்டர்காரர் தன் ஆபீசுக்குப் போய் வேலை கேட்டார். இறந்தவர்களுக்கு இடமில்லை என்றார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிய டீச்சர், வீட்டுக்குள் விளக்கு எரிவதைக் கண்டு பூட்டில்லாத கதவின் முன் சாவியோடு கொஞ்ச நேரம் நின்றார். அந்த வாரம் அவர் வகுப்பில் யாரையும் திட்டவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அடுத்த வாரம்தான் தெரிந்தது, மூன்று வருடமாகப் பாக்கெட்டுக்குள் சொன்னதையெல்லாம் மனுஷன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இப்போது ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். தான் மாட்டிவிட்டுப் போன வாட்டர் ஹீட்டர் வெடித்ததில் தப்பு தன் மேல் இல்லை என்பதற்கே இரண்டு சாயங்காலம் ஆயிற்று. தூங்கினால் பழைய குறட்டை.

டிசைனரின் கை சும்மா இருக்குமா? அந்தப் போர்வையையும் திறந்து எதையோ சன்னமாகச் சரிசெய்தார். இரண்டாம் நாள் மீட்டர்காரரே கடைக்கு வந்தார், பின்னால் டீச்சர்.

“என்ன பண்ணீங்கன்னு தெரியல சார். குறட்டை நின்னுபோச்சு. யாராவது ஏதாவது சொன்னா எதுத்துப் பேசவும் வாய் வரமாட்டேங்குது. சும்மா தலையாட்டத்தான் வருது. பழையபடி மாத்திக் குடுங்க.”

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து டீச்சர், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

டிசைனர் தையல்காரம்மாவைப் பார்த்தார். தையல்காரம்மா மிஷினை விட்டுத் தலை நிமிரவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த டிசைன் முடிந்துவிட்டது என்று டிசைனர் தன் வாயால் ஒத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார். மீட்டர்காரர் தலையாட்டினார். டீச்சர் அவரைக் கைபிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.