பெரிய தாத்தாவின் பெயர்

செத்துப்போன ஒரு குழந்தையின் பெயரைத் தேடித்தான் நிர்மலா ரெட்டியார்பாளையத்திலிருந்து பிறப்பு இறப்புப் பதிவேட்டு அறைக்கு வந்திருந்தாள். அப்பாவுக்கு மேலே ஒரு அண்ணன் பிறந்து, நடை பழகும் முன்பே போய்விட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. உயிரோடு இருந்தவரை, கேட்டால் அப்பா மூக்கைத் தடவிக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

லியோனில் நர்ஸாக இருக்கும் மகள் கவிநிலாவின் பிரெஞ்சுக் குடியுரிமையை மறுபடியும் சரிபார்க்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா, நிர்மலாவின் அப்பா தணிகாசலம் வழியாக வந்த குடியுரிமை அது. அவருடன் பிறந்தவர்களின் பெயர்வரை வம்சாவளி எழுதித் தரச் சொல்லிவிட்டார் வக்கீல். ஏதாவது பிசகினால் வேலை போகும், கைக்குழந்தையோடு மூட்டை கட்ட வேண்டும். ஒரு வாரமாக நிர்மலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் பிறப்புப் பதிவு நகல் காலையிலேயே கிடைத்துவிட்டது. 1931, அரியாங்குப்பம், தணிகாசலம், தகப்பன் அம்மாவாசை, தாய் சின்னப்பாப்பா. பாதி உயிர் திரும்பி வந்தது. அடுத்து, பிரெஞ்சில் எழுதிய இறப்புப் பதிவேட்டைக் குமாஸ்தா தேவதாஸ் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கெடைச்சிருச்சு மேடம். 1932. பத்து மாசக் கொழந்த. அதே அம்மாவாசை, சின்னப்பாப்பாதான்."

"பேரு இன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தணிகாசலம்னு போட்டிருக்கு."

பத்து மாதத்தில் செத்தது தணிகாசலம் என்றால், எண்பது வயது தாண்டி இருந்து, அவளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனிதர் யார்?

"அதே அப்பா அம்மாவுக்கு வேற பொறப்பு இருக்கா பாருங்க சார்."

இருந்தது. 1933, ஆண் குழந்தை. பெயர் குப்பன்.

அப்பாவின் வலது மூக்கில் இருந்த துளை அவள் கண்முன் வந்து நின்றது. ஆம்பளைக்கு எதுக்குப்பா மூக்குத்தி என்று சின்ன வயதில் எவ்வளவு கேலி செய்திருக்கிறாள். மூத்தது செத்தால் அடுத்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, மூக்குக் குத்தி, எமனே அருவருக்கும்படி பெயர் வைப்பார்கள். பிள்ளை தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் போய்க் குப்பன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பெட்டியில் சும்மா கிடந்த மூத்தவனின் காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்கள், மகராசர்கள். நல்ல பெயர் ஒன்று வீணாவானேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தோடுதான் அப்பா பட்டாளத்துக்குப் போனார். மூன்று தலைமுறை அதன்மேல்தான் குடியிருக்கிறது.

தேவதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தால வாங்கினீங்களே, அதுலயும் இதே பேருதானே மேடம்?"

"ஆமா சார். இத வச்சி அதுல எதனா எழுதுவீங்களா?"

"யாரும் கேக்காம நான் எதுக்கு எழுதப்போறேன்." பதிவேட்டை மூடினார். "ஆனா பொஸ்தகம் இங்கயேதான் இருக்கும். நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டித்தான் ஆவணும்."

வெளியே தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. கவிநிலாதான்.

"ம்மா, கெடைச்சுதா? பெரிய தாத்தா பேரு இன்னா?"

எமனிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஒருவரும் கூப்பிடாமலே போய்ச் சேர்ந்தவர் அப்பா. அந்தப் பெயரை இப்போது அவள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"கெடைச்சுது. எழுதிக்க. குப்பன்."

"எப்ப எறந்தாராம்?"

"கொழந்தையிலயே," என்றாள். பெற்ற அப்பனைத் தன் வாயாலேயே கொன்றுவிட்டு, போனை அணைத்தாள்.