ஏழரை மணி மாமியார்

“நல்லா இஸ்துப் புடி கோமளா. ஆம்பளைங்க அந்தாண்டதான் நிக்கிறாங்க” என்றாள் பக்கத்து வீட்டு மாரி.

கோமளா சேலையின் முனையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். மறுமுனை மாரியின் கையில் இருந்தது. அந்த மறைப்புக்குள், பெஞ்சில் கிடத்தியிருந்த ஜெயம்மாவின்மேல் பெண்கள் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சீயக்காய் தேய்த்தாள். இன்னொருத்தி தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தாள். பிணத்தின்மேல் பட்டு வழிந்த தண்ணீர் கோமளாவின் கால்விரல்களை நனைத்துக்கொண்டு மணலில் இறங்கியது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

ஜெயம்மா, கோமளாவுடைய தங்கையின் மாமியார். தங்கை ஐஸ்வர்யா செத்து எட்டு வருஷமாகிறது. அந்தக் கருமாதி முடிந்த அன்று இந்த வாசலை விட்டு இறங்கிய கோமளா, இன்றைக்குத்தான் மறுபடியும் உள்ளே வந்திருக்கிறாள். பழவேற்காட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஜெயம்மா நேற்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடையின்மேலேயே சாய்ந்துவிட்டாள் என்று ஃபோன் வந்தபோது, அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு சுளுவாகப் போய்விட்டாளே என்ற கோபம். அழ அவள் வரவில்லை. முகத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

முகத்தில் ஒன்றுமில்லை. வெற்றிலைக் காவி படிந்த உதடு லேசாகத் திறந்திருந்தது. யாரோ ஒரு கிழவி தூங்குகிற மாதிரி இருந்தது.

அந்த வாய் பேசியதெல்லாம் கோமளாவுக்கு மனப்பாடம். அம்மா இல்லாத வீடு என்பதால், பிள்ளை பிறந்ததும் ஐஸ்வர்யா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தாள். கோமளா பத்து நாள் லீவு போட்டுக் கூட இருந்தாள். ஐந்தாம் நாளிலிருந்தே தங்கை சரியில்லை. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போட்ட சோறு தட்டிலேயே காய்ந்து கிடக்கும். குழந்தை வீறிடும்போது அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. யாரோ குடுத்து வெச்சுட்டுப் போன புள்ள மாதிரி கீது” என்று ஒருநாள் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள்.

“நாங்கல்லாம் புள்ள பெக்கலயா? பெத்த ஏழாம் நாளு கூடையத் தூக்கினு பழவேற்காடு போனவ நானு. இது சோம்பேறித்தனத்துக்குப் புடிச்ச பேயி” என்றாள் ஜெயம்மா. பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடிக்க வைத்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, “நீ இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?” என்றாள். இருபத்தெட்டாம் நாள் ஐஸ்வர்யாவை ஏரியிலிருந்து தூக்கிவந்து இதே வாசலில் போட்டார்கள். அப்போதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. “பச்சப்புள்ளய வுட்டுட்டுப் போயிருக்கா பாரு, நெஞ்சுல ஈரமில்லாதவ!”

ஒரு வார்த்தையைக்கூடக் கோமளா தொலைக்கவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள்.

சென்னையில் அவள் சீரியல்களுக்கு வசனம் எழுதுகிறாள். போன வருஷம், ஏழரை மணி சீரியலின் கதாநாயகி மதுமிதாவுக்குக் கதையில் பிள்ளை பிறந்தது. அடுத்து என்ன என்று எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். “பேய் பிடிச்ச மாதிரி கொண்டுபோலாம். ரேட்டிங் எகிறும்” என்றார் இயக்குநர்.

“வேணாம் சார். நிஜமா என்ன நடக்குமோ அதை நான் எழுதித் தரேன்” என்றாள் கோமளா.

மனநல டாக்டர் ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தாள். “நீங்க சீரியல்காரங்க, அழவெச்சே தீருவீங்க. ஆனா இவங்கள்ல நிறைய பேர் அழக்கூட மாட்டாங்கம்மா. அழறதுக்கும் தெம்பு வேணும்ல?” என்றார் அவர். மறுநாள் படப்பிடிப்பில் கோமளா கிளிசரின் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தொட்டிலில் குழந்தை கத்தக் கத்த மதுமிதா அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று சண்டை பிடித்தாள். முழுசாக ஒரு நிமிஷம். சேனலை மாற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள். யாரும் மாற்றவில்லை. மதுமிதாவை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை, பேச்சு, மறுபடி படுக்கை, மறுபடி மாத்திரை என்று இரண்டடி முன்னே ஓரடி பின்னேயாக அவள் தேறினாள். அவள் சாகக் கூடாது என்பதில் மட்டும் கோமளா யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

விழிப்புணர்வு என்று பத்திரிகைகள் பாராட்டின. கோமளா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அவள் எழுதியது அதற்கல்ல. ஜெயம்மா பேசிய அத்தனையையும் அவள் சீரியல் மாமியாரின் வாயில் வைத்திருந்தாள். பெத்த ஏழாம் நாள், கூடை, சோம்பேறித்தனத்துக்குப் பிடித்த பேய், எதையும் விடவில்லை. ஏழரை மணிக்கு ஏரிக்கரைக் குப்பங்களில் எல்லா வீட்டிலும் ஓடுவது அந்த சீரியல்தான். ஊரே பார்க்கும், ஊருக்கே புரியும், ஜெயம்மா தலை நிமிர்ந்து மீன் விற்க முடியாது. ‘என்ன நாறடிச்சிட்டியேடி’ என்று கிழவி கூப்பிட்டுக் கத்தப்போகும் நாளுக்காக நாலு மாசம் காத்திருந்தாள். அந்த ஃபோன் வரவேயில்லை.

குளிப்பாட்டி முடித்துப் புதுச்சேலை சுற்றி, பிணத்தை வாசல் பந்தலில் கிடத்தினார்கள். மாரி, கோமளாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

“உன் சீரியல ஒருநாள் வுட்டதில்ல தெரியுமா அவ?”

“பாத்தாங்களா?”

“பாத்தாளாவா? ஏழு மணிக்கே ஒக்காந்துடுவா. அந்த மாமியாக்காரி வந்தா போதும், டிவிமேல எச்சி துப்பாத கொறதான். ‘பச்ச ஒடம்புக்காரிய இந்தப் பாடு படுத்துறியே, நீ நல்லா இருப்பியாடி பாவி’ன்னு சாபம் வுடுவா. அந்தப் பொண்ணுக்காக அவ அழுத அழுவ கொஞ்சநஞ்சமில்ல.”

“வேற ஒண்ணும் சொல்லலயா?”

மாரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்களுக்கெல்லாம் மொத நாளே தெரிஞ்சுபோச்சு, அது யாரு பேச்சுன்னு. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துப்போம். அவளுக்கு மட்டும் தெரியல. சத்தியமா தெரியல கோமளா.”

மாரி பந்தல் பக்கம் திரும்பினாள். பந்தலில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினாள். “என் மருமவ. பெத்ததுலருந்து அவளும் அப்படித்தான் ஆயிட்டா. நான்கூடப் பூசாரியக் கூப்புடலாம்னேன். ஜெயம்மாதான் சண்டைக்கு வந்தா. ‘பேயும் இல்ல, பிசாசும் இல்லடி. டிவில காட்றானே, அந்தக் காயலா’ன்னு அவளே ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போனா. நாலு தபா போனா. இன்னிக்கு அவ உசுரோட கீறான்னா...” மாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு, ஜெயம்மாவின் காலைத் தொட்டு அழுதாள். தான் எழுதியது ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று கோமளா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. என் தங்கைக்குக் கிடைக்காத ஆட்டோ. அந்தப் புண்ணியத்தையும் இந்தக் கிழவியே வாங்கிக்கொண்டு போகிறாள்!

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். ஜெயம்மாவின் தலைமாட்டில் ஐஸ்வர்யாவின் மகள் சுபஸ்ரீ உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு, வருஷா வருஷம் லீவுக்குச் சென்னைக்குப் பெரியம்மாவிடம் வந்துபோகிறவள். அம்மா காய்ச்சலில் செத்ததாகத்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

“பெரிம்மா, ஆயா கண்ணு கொஞ்சம் தெறந்துக்கினே கீது” என்றாள்.

“நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா” என்று அவளை அனுப்பிவிட்டுக் கோமளா மண்டியிட்டாள். அரிசியைப் போட்டாள். எழுந்திருக்கவில்லை. இன்னும் குனிந்து, ஈரத்தலையின் சீயக்காய் வாசம் மூக்கில் ஏற, காதோடு வாயை வைத்தாள்.

“அது நீதான் அத்த. தெனமும் நீ சாபம் வுட்டியே, அந்த மாமியா நீதான்.”

துக்கம் தாங்காமல் விழுந்துகிடக்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிவிட்டார்கள். “ஆனது ஆச்சு, மனசத் தேத்திக்கோ” என்றாள் ஒருத்தி. பிணம் அப்படியே கிடந்தது. எட்டு வருஷம் சுமந்துவந்ததை ஒரு மரக்கட்டையிடம் கொட்டியாயிற்று. கட்டை கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டின் பின்பக்கம் வலைகள் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள். ஜெயம்மாவின் மகன், ஐஸ்வர்யாவின் புருஷன் சகாதேவன், குளித்த ஈரவேட்டியோடு அங்கே நின்றிருந்தான். அவன் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளைப் பார்த்ததும் நகரப் போனான், பிறகு நின்றான்.

“அம்மாவுக்குக் கடைசி வரிக்கும் தெரியல அண்ணி. எனக்குத் தெரிஞ்சுது. மொத வாரமே.”

கோமளா அவன் பக்கம் திரும்பினாள்.

“தெனமும் அம்மா பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன். என் பேச்சு எப்ப வரும், எப்ப வரும்னு பாத்துனே இருந்தேன். வரவேயில்ல.”

“உன் பேச்சா?”

“அதுல புருசன் நல்லவனா கீறான். அவளத் தூக்கினு டாக்டராண்ட ஓடுறான்.”

கதாநாயகன் கெட்டவனாக இருக்கக் கூடாது என்று சேனலில் சொல்லியிருந்தார்கள். கோமளாவும் மறுக்கவில்லை. சகாதேவனைப் பற்றி எழுத அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாயில்லாப்பூச்சி, அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

“அவ போன அன்னிக்குக் காலைல வலைக்குப் போயிட்டு வந்து படுத்தேன். கண்ணு எரியுது. புள்ள ஒரு பக்கம் கத்துது. அவ வந்து எழுப்பினா. ‘பயமா கீது, இன்னிக்கு எங்கயும் போவாத, என்கூடவே இரு’ன்னா.” அவன் வலையின் ஒரு கண்ணியைப் பிடித்து விரலில் சுற்றினான். “‘சாவுறதுன்னா எங்கனா போய்ச் சாவு, என்னத் தூங்க வுடு’ன்னு சொன்னேன் அண்ணி. அம்மா அப்ப மார்க்கெட்டுக்குப் போயிருந்துது. வேற யாரும் கேக்கல.”

முன்பக்கம் மேளக்காரர்கள் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு அடி கேட்டது.

“எழுதுங்க அண்ணி. அதையும் எழுதிடுங்க. ஊரே பாக்கட்டும்” என்றான்.

கோமளா அவன் முகத்தைப் பார்த்தாள். யாராவது ஒருவர் தன்னை அடிக்க மாட்டார்களா என்று எட்டு வருஷமாக ஏங்கிய முகம் அது. அடிக்கக் கை துடித்தது. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“எழுத மாட்டேன்.”

“அண்ணி...”

“நான் எழுதுவேன். ஊரு உம்மேல காறித் துப்பும். நீ பாரத்த எறக்கி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குவ. வேணாம். நீயே வெச்சுக்கோ. சுபஸ்ரீ ஒருநாள் கேப்பா, எங்கம்மா எப்படிச் செத்தான்னு. அப்ப உன் வாயால சொல்லு. எங்கிட்ட இப்ப சொன்னியே, அதே மாதிரி, ஒரு வார்த்த கொறையாம.”

அவன் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். முன்பக்கமிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டடி போனவன் திரும்பினான்.

“அந்தக் கதைல அக்காவும் இல்லையே அண்ணி” என்றான். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

அவன் போன பிறகும் கோமளா அங்கேயே நின்றாள். பத்து நாள் லீவு முடிந்து பதினோராம் நாள் காலையில் அவள் கிளம்பியபோது, ஐஸ்வர்யா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு நாள் இரேன்க்கா” என்றாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அவள் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தாள். மதுமிதாவுக்கு ஒரு அக்கா வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்தது சேனல் இல்லை.

மேளம் முழுசாக எழுந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். கோமளா முன்பக்கம் வந்தபோது பாடையைத் தூக்கியிருந்தார்கள். அழுதுகொண்டே சுபஸ்ரீ ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். அதற்குமேல் ஆண்கள் மட்டும் மணலில் நடந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் சகாதேவன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாய்விட்டு அழுகிற சத்தம் மேளத்தையும் தாண்டிக் கேட்டது.

“நைனா இன்னாத்துக்கு அப்படிக் கத்தி அழுவுது பெரிம்மா?”

கோமளா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“பொகை, கண்ணு” என்றாள்.

ஏரியிலிருந்து வந்த காற்று, சட்டிப் புகை முழுவதையும் அவனுக்கு முன்னால், சுடுகாட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று.