மேட்டைப் பார்த்த ஜன்னல்

வலது பக்கம், வலது பக்கம் என்று கன்டெய்னர் யார்டில் நின்று கத்தியது அவரேதான், சாக்பீஸால் இரும்புச் சுவரில் கட்டம் போட்டுக் காட்டியதும் அவரேதான், வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை... சரக்குப் பெட்டியை வீடாக்கிய பெட்டிக்காரர் மறுபடியும் அடுப்படி ஜன்னலின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மண்மேடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில், மண்ணும் வேரும் ஓர் எறும்பு வரிசையும், இதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் மனைவி இனிமேல் சமைக்க வேண்டும். மகள் தன் வீட்டிலிருந்து காரில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 'வந்து பாக்கறேன், மனசுக்குப் புடிச்சா இருக்கேன், இல்லன்னா இவளோடவே திரும்பிப் போயிடறேன்' என்று அவள் போனில் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை, கோபத்தைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரியும். தங்கம் கேட்டாளா, மாடி கேட்டாளா? வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, சரக்குப் பெட்டியை வாங்கி நம்ம நிலத்தில் போட்டு அதிலேயே குடித்தனம் பண்ணலாம், எவனும் நம்மை எழுப்ப முடியாது என்று இவர் சொன்னதற்கு, வேறு பெண்ணாயிருந்தால் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டிருப்பாள். இவள், 'அடுப்படி ஜன்னல் மட்டும் வாசல் கேட்டைப் பாத்து இருக்கணுங்க' என்றாள். கேட்டது அந்த ஒன்றுதான், அதையும் கோட்டை விட்டாயிற்று.

ஆயுசு பூராவும் கன்டெய்னர் லாரி ஓட்டியவன் செய்கிற தப்பா இது? யோசித்துப் பார்த்தால் அவன் மட்டும்தான் செய்வான், வேறொருவன் நாலு பேரைக் கேட்டிருப்பான்... இந்த நிலத்தை இவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேதான் பார்த்தார், மனசுக்குள் லாரியைக் கேட் வழியாக நேராக உள்ளே ஓட்டி வலப்பக்கம் ஒடித்து நிறுத்தினார், டிரைவர் பக்கம் தலையைத் திருப்பினார், கேட்டும் சாலையும் தெரிந்தன, சரி, வலது பக்கம் வெட்டுங்கப்பா. ஆனால் பெட்டியைச் சுமக்கிற லாரி வேறு, பெட்டியைத் தரையில் வைக்கிற லாரி வேறு. அது முதுகைச் சாய்த்துப் பெட்டியைப் பின்பக்கமாக நழுவவிட்டு, முன்பக்கமாகத் தான் வெளியேற வேண்டும், நேராக உள்ளே வந்தால் எதிரே வாய்க்கால், எப்படிப் போகும்? அதனால் ரிவர்ஸில் வந்தது, ரிவர்ஸில் வந்ததால் கேட்டைப் பார்க்க வேண்டிய பக்கம் மேட்டைப் பார்த்தது. பெட்டியை இறக்குவது ஒருநாளும் இவர் வேலையாக இருந்ததில்லை, அது கிரேன்காரன் பாடு, அந்த நேரத்தில் இவர் டீக் குடித்துக்கொண்டிருப்பார், அன்றைக்கும் அப்படித்தான் டீயும் கையுமாக வேடிக்கை பார்த்தார், நிறுத்துப்பா என்று வாயைத் திறந்தபோது பெட்டி தூண்களின் மேல் உட்கார்ந்தாயிற்று. 'நீங்களே லாரி லைன்ல இருந்தவரு, தெரிஞ்சுதான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேண்ணே' என்றான் அந்த லாரிக்காரன். டீயை மண்ணில் ஊற்றினார்.

அதற்கப்புறம் யார் காலில்தான் விழவில்லை. கிரேனைக் கூப்பிட்டால், மழை பெய்து பாதை சேறாகிக் கிடக்கிறது, காயட்டும் என்றார்கள், காய்வதற்குள் அடுத்த மழை. வெல்டர் வந்து தட்டிப் பார்த்தார், 'இந்தப் பெட்டிக்கு பலமே இந்த மடிப்புச் சுவருதாங்க, ஒரு பக்கம் அவ்வளவு பெருசா வெட்டியாச்சு, எதிர்ப் பக்கமும் வெட்டினா கூரை தொப்பை போட்டுடும்' என்றார். இரும்புச் சட்டம் வைத்துத் தாங்கல் கொடுத்து வெட்டலாமே என்றால், வெட்டலாம், கரன்ட் எங்கே? கம்பம் இங்கே வருவதற்குள் நமக்கு வயசாகிவிடும் என்றுதான் கூரை மேல் சூரியத் தகடு போட்டது, எவன் தயவும் வேண்டாம், வெயிலே நமக்குக் கரன்ட், மழையே நமக்குக் குழாய் என்று ஊரெல்லாம் பெருமையடித்தது, அந்தத் தகட்டில் இரண்டு விளக்கும் இந்த மின்விசிறியும் ஓடும், வெல்டிங் மெஷினை மாட்டினால் பேட்டரி அப்போதே படுத்துவிடும். ஜெனரேட்டர் கொண்டுவர லோடு வண்டி வேண்டும், அந்தப் பாரம் வரக் காய்ந்த பாதை வேண்டும்... சுற்றிச் சுற்றி அதே சேறு. போன வாரம் போனில் அவள், 'ஜன்னல் வெச்சாச்சா?' என்று கேட்டாள். 'வெச்சாச்சு' என்றார். பொய் இல்லை. ஆனாலும் போனை வைத்தபோது கை வேர்த்திருந்தது. இப்போது பெட்டிக்குள் இருக்கிற புழுக்கத்தில் உடம்பு முழுக்கவே வேர்க்கிறது, விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்றைக் காணோம்.

கேட்டையே பார்த்துக்கொண்டு இருக்க அப்படி என்ன பயம் அவளுக்கு? தனியாக இருக்கிறவளுக்கு எவன் வருகிறான் என்று தெரிய வேண்டும், திருடன் பயம், அவ்வளவுதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அதற்காகப் பெரிய பூட்டுகூட வாங்கி வைத்திருக்கிறார், சொல்லிச் சமாளிக்கலாம், இரும்புச் சுவருக்குள் எந்தத் திருடன் வருவான்... வெளியே ஏதோ ஓர் எஞ்சின் சத்தம். காரா? துணி கையிலிருந்து நழுவியது. குனிந்து ஜன்னலைத்தான் பார்த்தார், பழக்கதோஷம், ஜன்னல் என்றால் எட்டிப் பார்ப்பதற்குத்தானே, மேடும் எறும்பும் நின்றிருந்தன. சத்தம் முதுகுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. கேட் கிரீச்சிட்டது. அவள் துணிமணிப் பையோடு வந்திருக்கிறாளா, வெறுங்கையோடு வந்திருக்கிறாளா? பை இருந்தால் காரின் டிக்கியைத் திறப்பார்கள், டிக்கி திறக்கிற சத்தம் தனி, அவருக்குத் தெரியாத வண்டிச் சத்தமா. எதிர்ச் சுவரில் போய்க் காதை வைத்தார், இரும்பு சுட்டது, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கதவு வழியாக வெளியே சுற்றிப் போனால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், போகலாமே, ஆனால்... வெறுங்கையாக இருந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்சம் தயார் செய்துகொள்ளலாம், வாசலுக்கு வருவதற்குள்...

வாசலுக்கு வருவதற்குள். அவர் ஒருநாளாவது தன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாரா? பத்து நாளோ இருபது நாளோ ரோட்டில் கிடந்துவிட்டு எந்த நேரத்தில் வந்தாலும், லாரியை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருவதற்குள் கதவு திறந்திருக்கும், அவள் தலையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள், 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று கேலி செய்துகொண்டே செருப்பைக் கழற்றுவார். அந்த வீட்டிலும் அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. எத்தனை லாரி அந்தத் தெருவில் போயிருக்கும், எத்தனை முறை எட்டிப் பார்த்திருப்பாள், எத்தனை முறை அது வேறு எவனுடைய லாரியாகவோ இருந்திருக்கும்? அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. வெளியே 'டொப்' என்று ஒரு சத்தம், கார்க் கதவா, டிக்கியா, இரும்பு வழியாக எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. 'அப்பா எங்க?' என்றது மகளின் குரல். அதற்கு அவள் சொன்ன பதில் காதில் விழவில்லை. ஈரமண்ணில் செருப்புச் சத்தம் சுவரையொட்டி மெதுவாக வந்தது, இந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும் என்று நம்பி வருகிறாள், அவர் காது வைத்திருந்த இடத்துக்கு நேராக வந்ததும் நின்றது.